பிள்ளைகள் ஊட்டும் வீடு

சித்திரை பிறந்து மாங்காய் முற்றத் தொடங்கியதும், பரங்கிப்பேட்டை, கிள்ளை, புதுச்சத்திரம் பக்கத்துத் தோப்புகளில் மரம் ஏறுகிறவர்கள் காயைப் பார்ப்பதற்கு முன் இலையைப் பார்ப்பார்கள். பச்சை இலைகள் ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகத் திரண்டிருந்தால் அந்தக் கிளை முசுறுக்குச் சொந்தம். தொரட்டியின் நுனி பட்டால் போதும். செவ்வெறும்புகள் கழுத்திலும் முதுகிலும் உதிரும். முசுறுக்குக் கொடுக்கு கிடையாது. கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தைப் பீச்சும், அவ்வளவுதான். பனையும் தென்னையும் ஏறுகிறவர்களின் பயம் வேறு. மட்டை இடுக்கில் சாம்பல் நிறக் காகிதக் கூடு தெரிந்தால் அது கதண்டு என்ற பெருங்குளவி. முசுறு கடித்தவர் திட்டிக்கொண்டே இறங்குவார். கதண்டுக் கூட்டம் கொட்டினால் பிழைப்பது ஆஸ்பத்திரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிதம்பரம், கடலூர், மயிலாடுதுறைப் பக்கத்துச் செய்திகளில் கதண்டு அடிக்கடி இடம்பெறும். தீயணைப்புத் துறையினர் இருட்டிய பின் வந்து கூட்டைக் கொளுத்திவிட்டுப் போவார்கள்.

வெளியே நிற்பவருக்குத் தெரிவது கடியும் கொட்டும். கூட்டுக்குள் நடப்பது வேறு கதை. இரண்டும் தம் வயிற்றில் பிறக்காத பிள்ளைகளை இரவு பகலாக வளர்க்கின்றன. வாயோடு வாய் வைத்து உணவைப் பகிர்கின்றன. இரண்டிலும் பிள்ளைகள் வாங்கியதற்குத் திருப்பித் தருகின்றன. எதைத் தருகின்றன, யாருக்குத் தருகின்றன, அந்தக் கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் வீடு நிற்குமா என்பது நூறாண்டுக்கு மேலாக உயிரியலில் அலசப்படும் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் விடைகளைச் சேர்த்துப் பார்க்க, வங்கக் கரையின் இந்த இரண்டு பூச்சிகளைவிடப் பொருத்தமான ஜோடி கிடைப்பது கடினம்.

முதலில் ஆள் அடையாளம். முசுறு விஷயத்தில் குழப்பமில்லை: ஈக்கோஃபில்லா ஸ்மரக்டினா என்ற ஒரே இனம், இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. 1775இல் ஃபப்ரீசியஸ் என்ற டேனிஷ் பூச்சியியலாளர் இதற்கு மரகதத்தின் பெயரை வைத்தார். செவ்வெறும்புக்கு மரகதமா என்று கேட்கலாம். இதன் ராணி பச்சை நிறம். கதண்டு விஷயம் அத்தனை சுலபமில்லை. கறுத்த உடல், வயிற்றின் மேற்புறத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமான பட்டை என்ற அடையாளத்தோடு இரண்டு பெருங்குளவிகள் இருக்கின்றன. வெஸ்பா டிராபிகாவுக்கு வயிற்றின் இரண்டாம் வளையத்தில் மட்டும் பட்டை. வெஸ்பா அஃபினிஸுக்கு முதல் இரண்டு வளையங்களிலும். கொட்டு வாங்கி ஓடுகிறவர் வளையத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். ஊர் இரண்டையும் கதண்டு என்றே சொல்கிறது. உடலில் பெரியது டிராபிகா. இந்தக் கட்டுரையின் கதண்டு பெரும்பாலும் அதுதான்.

முசுறைத் தமிழர்கள் கவனித்தது நேற்றல்ல. நற்றிணையின் 180ஆம் பாட்டில், வயலோர மரத்தில் முயிறு, அதாவது முசுறு, மொய்க்கும் கூட்டை ஒரு நாரை உரசிவிடுகிறது. எறும்பும் முட்டையும் கலந்து சிதறுவது செந்நெல்லும் வெள்ளரிசியும் கலந்தது போலிருக்கிறது என்கிறார் புலவர். சிவப்பும் வெள்ளையும் ஏறத்தாழச் சம அளவில் கண்ணில் பட்டால்தான் அந்த உவமை வரும். வெள்ளையாகச் சிதறியவற்றில் பெரும்பாலானவை புழுக்களாகவும் கூட்டுப்புழுக்களாகவும் இருந்திருக்கும், ஏனென்றால் முசுறின் முட்டை தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாத அளவு சிறியது. இலைக் கூடு என்பது பிள்ளை வளர்க்கும் அறை என்ற செய்தி அந்தப் பாட்டிலேயே இருக்கிறது.

ஒரு முசுறுக் குடும்பம் ஒரு மரத்தோடு நிற்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மரங்கள், நூற்றுக்கு மேற்பட்ட இலைக் கூடுகள், 5 லட்சம் வரை வேலைக்கார எறும்புகள் என்று பரவும். அத்தனையும் பெண்கள், அத்தனைக்கும் தாய் எங்கோ ஒரு கூட்டில் இருக்கும் ராணி. வேலைக்காரிகளில் இரண்டு அளவு உண்டு. சின்னது கூட்டைவிட்டு அதிகம் வெளியே வராது. முட்டையை நக்கிச் சுத்தம் செய்வது, புழுவுக்கு வாயூட்டுவது, கூட்டுக்குள் வைத்திருக்கும் செதில்பூச்சிகளிடம் இனிப்புக் கழிவைக் கறப்பது அதன் வேலை. பெரியது வேட்டைக்குப் போகும், எல்லையைக் காக்கும், ராணியைச் சூழ்ந்து நின்று ஊட்டும். கென்யாவின் ம்ஃபங்கானோ தீவில் கிடைத்த புதைபடிவக் குடும்பம் ஒன்றை எட்வர்ட் வில்சனும் டெய்லரும் 1964இல் விவரித்தார்கள். மயோசீன் காலத்தைச் சேர்ந்த அந்த எறும்புகளிலும் இதே இரண்டு அளவு இருந்தது. வேலைப் பங்கீடு அத்தனை பழையது.

எல்லைக் காவலில் ஒரு விசேஷம் உண்டு. குடும்பத்தின் ஆட்சிப் பரப்பின் விளிம்பில் இருக்கும் கூடுகளில் முட்டையும் புழுவும் இருக்காது; வயதான எறும்புகள்தான் இருக்கும். பக்கத்துக் குடும்பத்தோடு சண்டை மூண்டால் முதலில் இறங்குவது அந்தக் கிழவிகள். இளையவை நடுக்கூட்டில் பிள்ளைகளோடு இருக்கும். மனிதர்கள் போருக்கு இருபது வயதுக்காரர்களை அனுப்புவதை நினைத்தால், எறும்பின் ஏற்பாட்டில் நியாயம் அதிகம் இருப்பதாகவே தோன்றுகிறது.

ஊட்டுவதற்கு முசுறிடம் இரண்டு வழிகள். முதலாவது பெரும்பாலான எறும்புகளுக்குப் பொது. எறும்பின் இடுப்பு நூலளவு. அதன் வழியே திட உணவு போகாது. வாய்க்குள் இருக்கும் ஒரு சின்னப் பை துகள்களை வடிகட்டி நிறுத்திக்கொள்ளும், சாறு மட்டும் உள்ளே இறங்கும். இறங்கிய சாறும் உடனே செரிமானத்துக்குப் போவதில்லை. முன்னால் ஒரு பையில் தங்கும். அந்தப் பை எறும்புக்குச் சொந்தமானது என்று சொல்வதைவிட ஊருக்குச் சொந்தமானது என்பதே சரி. எதிரே வரும் எறும்பு உணர்கொம்பால் தட்டிக் கேட்டால் அதிலிருந்து ஒரு துளி எதுக்களித்துக் கொடுக்கப்படும். இரண்டாவது வழி விசித்திரமானது. பெரிய வேலைக்காரிகள் முட்டையிடும்; அந்த முட்டை பொரிக்காது, பொரிப்பதற்காக இடப்படுவதும் இல்லை. ராணிக்கும் புழுக்களுக்கும் உணவாக இடப்படுவது. ராணி செத்துவிட்டால் அதே வேலைக்காரிகள் பொரிக்கும் முட்டை இடத் தொடங்கும். கருத்தரிக்காத அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் மட்டுமே வரும். தாய் இருக்கும்வரை உணவு, தாய் போன பின் வாரிசு!

இப்போது பிள்ளைகள் திருப்பித் தருவதைப் பார்க்கலாம்.

இலைகளை இழுத்துச் சேர்ப்பது பெரிய எறும்புகள். இடைவெளி அகலமாக இருந்தால் ஒன்றின் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இழுக்கும். விளிம்புகள் ஒட்டியதும், மற்ற எறும்புகள் உள்ளிருந்து புழுக்களைத் தாடையில் தூக்கி வரும். கால் இல்லாத, கண் இல்லாத, வளர்ச்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் புழு. எறும்பு அதன் தலையை ஓர் இலை விளிம்பில் தொட வைக்கிறது, கொம்பால் தட்டுகிறது. புழு வாயிலிருந்து பட்டுநூலை விடுகிறது. எதிர் விளிம்புக்குத் தூக்கிச் சென்று அங்கே தொட வைக்கிறது. இப்படியே போக்கும் வரவுமாக வெள்ளைத் திரை ஒன்று விழுகிறது. தூக்கிய நேரம் முழுதும் புழு நெளியாமல் விறைப்பாகக் கிடக்கும். மற்ற பல எறும்பினங்களின் புழு இந்தப் பட்டைத் தனக்குக் கூடு கட்டிக்கொள்ள வைத்துக்கொள்ளும். முசுறுப் புழு மொத்தத்தையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, போர்வையில்லாமல் வெற்றுடம்போடு கூட்டுப்புழு ஆகிறது.

இதை ஐரோப்பியர்கள் நம்பச் சில காலம் பிடித்தது. சிங்கப்பூரில் ரிட்லி 1890இல் எழுதினார். இலங்கையில் பார்த்ததை டோஃப்லைன் 1905இல் விரிவாக எழுதினார். 1970களில் பெர்ட் ஹோல்டாப்லரும் வில்சனும் நெசவைப் படம் பிடித்து அசைவு அசைவாகப் பிரித்துப் பார்த்தார்கள். அதற்குப் பின் அவர்கள் கேட்ட கேள்விதான் ருசிகரமானது: ஆண் புழுவும் நெய்யுமா? முசுறின் ஆப்பிரிக்க உறவான லாங்கினோடா இனத்தில் ஆண் புழுக்கள் பெண் புழுக்களைவிடக் குறைவாகவே நூல் கொடுக்கின்றன என்று 1980இல் தெரிவித்தார்கள்.

இதற்கும் உயிரியலாளர் ஹாமில்டன் 1964இல் போட்ட உறவுக் கணக்குக்கும் முடிச்சு உண்டு. எறும்பிலும் குளவியிலும் தேனீயிலும் கருத்தரித்த முட்டை பெண், கருத்தரிக்காதது ஆண். ராணி ஒரே ஆணோடு கூடியிருந்தால், அக்கா தங்கைக்கிடையே மரபணுப் பொருத்தம் முக்கால் பங்கு வரும். தாய்க்கும் மகளுக்கும் இடையே அரைப் பங்குதான். சொந்த மகளைவிடத் தங்கையை வளர்ப்பதில் லாபம் அதிகம் என்றாகிறது. தம்பிக்கும் அக்காளுக்கும் இந்தச் சலுகை கிடையாது. ஆகவே ஆண் புழு நூலில் கஞ்சத்தனம் காட்டுவதில் ஆச்சரியமில்லை. கணக்கு அழகானது. அழகான கணக்கு என்பதாலேயே அது எல்லாவற்றையும் விளக்குவதாக ஒரு காலத்தில் பாடப்புத்தகங்கள் நினைத்துக்கொண்டன. கதண்டுக் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் கணக்குக்கு வெளியே வயிறு என்று ஒன்று இருப்பது தெரியும்.

கதண்டின் கூடு மரநாரை மென்று செய்த காகிதம். உள்ளே அடுக்கடுக்கான தட்டுகள். அறைகளின் வாய் கீழ்நோக்கி இருக்கும். ஒவ்வோர் அறையிலும் ஒரு புழு தலைகீழாகத் தொங்கிக்கொண்டு வளர்கிறது. அது கூட்டைவிட்டு நகர முடியாது. நகர முடியாத இந்த உயிர்தான் குடும்பத்தின் செரிமான உறுப்பு. வளர்ந்த கதண்டால் இறைச்சியைத் தின்ன முடியாது. முசுறுக்குச் சொன்ன அதே இடுப்புப் பிரச்சினை. பூந்தேன், பழச்சாறு, மரத்தில் வடியும் இனிப்புநீர் இவைதான் அதன் உணவு. ஆனால் வேட்டையாடுவதோ இறைச்சியை. சிறகையும் காலையும் கத்தரித்து எறிந்துவிட்டு, மென்று உருட்டிய சதைக் கவளத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து புழுவின் வாயில் வைக்கும்.

அந்தச் சதை யாருடையது என்பது டிராபிகாவின் தனிக்குணம். மற்ற பெருங்குளவிகள் ஈ, வண்டு, தேனீ என்று கிடைப்பதைப் பிடிக்கும். டிராபிகாவோ சின்னக் காகிதக் குளவிகளின் கூடுகளைத் தேடிப் போய், அறை அறையாகப் புழுக்களை உருவி எடுக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் ரோபாலிடியா மார்ஜினேட்டா என்ற குளவிக்கு இது பெரிய எதிரி. கதண்டு வந்து இறங்கினால் அந்தச் சின்னக் குளவிகள் எதிர்த்து நிற்க முடியாமல் கூட்டைவிட்டு விலகும். எல்லாம் முடிந்த பின் முதலிலிருந்து தொடங்கும். தன் தங்கைகளுக்கு ஊட்ட அடுத்த வீட்டுத் தங்கைகளைத் தூக்கி வருவதுதான் கதண்டின் பிள்ளைப் பாசம்.

கவளத்தை வாங்கிய புழு சும்மா இருப்பதில்லை. ஊட்டிய கதண்டு தலையை அறைக்குள் நீட்டித் தட்டும். புழுவின் வாயில் தெளிவான ஒரு துளி திரளும். கதண்டு அதைக் குடிக்கும். ஆப்பிரிக்கக் குளவிகளில் இதைக் கவனித்த பிரெஞ்சுக்காரர் ரூபோ 1916இல் துணிச்சலான ஒரு கருத்தைச் சொன்னார்: குளவிகள் பிள்ளை வளர்ப்பதே இந்தத் துளிக்காகத்தான், சமூக வாழ்க்கை என்பது புழுக்களைச் சுரண்டுவதில் பிறந்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் வில்லியம் மார்ட்டன் வீலர் எறும்புப் புழுக்களை ஆராய்ந்து, சுரண்டல் என்ற சொல்லை விட்டுவிட்டு, பரஸ்பரம் ஊட்டிக்கொள்வதே பூச்சிச் சமூகத்தை ஒட்டவைக்கும் பசை என்று எழுதினார். வாயோடு வாய் உணவுப் பகிர்வுக்கு இன்று உலகம் முழுதும் வழங்கும் ட்ரோஃபலாக்ஸிஸ் என்ற பெயர் 1918இல் அவர் வைத்தது.

துளிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. 1966இல் ஜெர்மனியில் மாஷ்விட்ஸ் குளவிப் புழுவின் உமிழ்நீரைப் பகுத்துப் பார்த்து, அதில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் செறிந்திருப்பதைக் காட்டினார். 1968இல் இஸ்ரேலில் இஷாய், இக்கன் என்ற இருவர் கதண்டின் நெருங்கிய உறவான வெஸ்பா ஓரியன்டாலிஸில் இன்னும் ஆழமாகப் போனார்கள். வளர்ந்த குளவியின் குடலில் புரதத்தைச் செரிக்கும் நொதி இல்லை, புழுவுக்கு இருக்கிறது என்றார்கள். புழு இறைச்சியை வாங்கிச் செரித்து, அதிலிருந்து சர்க்கரையையே உண்டாக்கித் திருப்பித் தருகிறது. முட்டையிடும் ராணிக்கும் இந்தத் துளி தேவை. வேட்டைக்காரியின் எரிபொருள், தாயின் முட்டைக்கான சத்து இரண்டும் தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் வாயிலிருந்து வருகின்றன.

பசித்த பிள்ளை கேட்கவும் செய்யும். அதே இஷாய், லண்டாவுடன் சேர்ந்து 1972இல் வெளியிட்ட ஆய்வில், பசித்த புழுக்கள் தாடையால் அறைச் சுவரைச் சுரண்டித் தாளகதியில் ஒலி எழுப்புவதைப் பதிவு செய்தார். புழுப் பருவம் முடிந்து அறை மூடப்பட்ட பிறகும் உரையாடல் நிற்பதில்லை. பெருங்குளவிகளின் கூட்டுப்புழு ஒரு வேதிப் பொருளை வெளிவிட்டு, தனக்குச் சூடு தேவை என்று சொல்லும். வளர்ந்த குளவி மூடியின்மேல் உடலை அழுத்திப் படுத்து, பறக்கும் தசைகளை அசைத்து வெப்பம் கொடுக்கும். கத்திரி வெயிலில் கடலூர்க் கரையில் இதற்கு அவ்வளவு தேவையிருக்காது. வெயில் ஏறினால் பெருங்குளவிகள் தண்ணீர் கொண்டுவந்து தெளித்து, சிறகால் விசிறும்.

இரண்டு வீடுகளையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் எங்கே வருகிறது? சேமிப்பில் வருகிறது. கதண்டு தேன் சேர்ப்பதில்லை. மழை பெய்து இரண்டு நாள் வேட்டை நின்றால் எடுத்துச் சாப்பிடக் கூட்டில் எதுவும் கிடையாது, புழுக்களைத் தவிர. தட்டு தட்டாகத் தொங்கும் அந்தப் புழுக்கள்தான் கதண்டின் களஞ்சியம். தட்டினால் திறக்கும் களஞ்சியம். பஞ்சம் முற்றினால் குளவிகள் துளியோடு நிறுத்திக்கொள்வதில்லை. சில புழுக்களையே பிய்த்து மற்ற புழுக்களுக்கு ஊட்டிவிடும். முசுறு வீட்டில் சேமிப்பு வேலைக்காரிகளின் பொதுப் பைகளிலும், அவை இடும் உணவு முட்டைகளிலும், கூட்டுக்குள் கட்டிவைத்திருக்கும் செதில்பூச்சிகளிலும் இருக்கிறது. பிள்ளை அன்றாடம் படியளக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அதனால்தானோ என்னவோ, அது சோற்றுக்குப் பதில் கூரையைக் கொடுக்கிறது.

ஆனால் எறும்புப் பிள்ளைகள் ஊட்டுவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஃபெய்டோலே ஸ்படோனியா என்ற அமெரிக்க எறும்பில், வேலைக்காரிகள் இரைத் துண்டைப் புழுவின் வயிற்றின்மேல் வைத்துவிடுகின்றன; புழு அதன்மேல் செரிமான நீரைத் துப்பிக் கரைக்கிறது; கரைந்த சாற்றை வேலைக்காரிகளும் உறிஞ்சுகின்றன. டெபி கேசில் குழுவினர் 2005இல் இதை விவரித்தார்கள். அதைவிடப் பெரிய ஆச்சரியம் 2022இல் வந்தது. நியூயார்க் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஓர்லி ஸ்னீர், டேனியல் குரோனவர் முதலியோர், அசையாமல் கிடக்கும் கூட்டுப்புழு ஒரு திரவத்தைச் சுரப்பதையும், வளர்ந்த எறும்புகள் அதைக் குடிப்பதையும், அப்போதுதான் பொரித்த குஞ்சுப் புழுக்களை அதன்மேல் கொண்டுபோய் வைத்துக் குடிக்க விடுவதையும் கண்டார்கள். அந்தத் திரவத்தை யாரும் எடுக்காவிட்டால் கூட்டுப்புழு அதிலேயே பூஞ்சை பிடித்துச் சாகிறது. கிடைக்காவிட்டால் குஞ்சுப் புழு நலிகிறது. எறும்புகளின் ஐந்து பெரிய துணைக்குடும்பங்களிலும் இந்தச் சுரப்பைப் பார்த்திருக்கிறார்கள். எத்தனையோ எறும்புக் கூடுகளைப் பூச்சியியலாளர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடைந்த பிறகும் 2022 வரை இது கண்ணில் படாமல் இருந்ததற்குக் காரணம் எளிது: கூட்டுப்புழு தின்பதும் இல்லை, அசைவதும் இல்லை, ஆகவே அது எதுவும் செய்யாது என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள்.

ஊட்டப்படும் துளி வெறும் சாப்பாடும் இல்லை. கட்டெறும்பு இனத்தைச் சேர்ந்த கம்போனோட்டஸ் ஃப்ளோரிடானஸில், எறும்புகள் எதுக்களித்துக் கொடுக்கும் திரவத்தில் வளர்ச்சிப் புரதங்களும் இளமை ஹார்மோனும் நுண் ஆர்.என்.ஏ.க்களும் இருப்பதை 2016இல் அட்ரியா லெபோஃப் குழு காட்டியது. ஊட்டத்தோடு கூடுதல் ஹார்மோன் சேர்த்தால் புழுக்கள் பெரிதாக வளர்ந்தன. எந்தப் பிள்ளை எப்படி வளர வேண்டும் என்பதில் வளர்க்கிறவர்களின் எச்சிலுக்கு ஒரு குரல் உண்டு என்று அர்த்தம். கடக்கரின் குளவிகளிலும் இதன் சாயல் தெரிகிறது: புழுப் பருவத்தில் நன்றாகச் சாப்பிட்ட பெண் பின்னாளில் முட்டையிடும் வாய்ப்பு அதிகம், அரைவயிறு சாப்பிட்டது வேலைக்காரியாகவே நின்றுவிட இடமுண்டு.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், ரூபோவின் சுரண்டலும் சரி, ஹாமில்டனின் உறவும் சரி, தனித்து நிற்பதாகத் தெரியவில்லை. தங்கைக்கு ஏன் உழைக்க வேண்டும் என்பதற்கு உறவுக் கணக்கு பதில் சொல்கிறது. அந்த உழைப்பு நாளுக்கு நாள் ஏன் தொய்யாமல் நடக்கிறது என்பதற்குத் துளி பதில் சொல்கிறது. ஊட்டப் போன கதண்டு ஒவ்வொரு முறையும் கையோடு கூலி வாங்கித் திரும்புகிறது. முசுறில் கூலி உடனே கிடைப்பதில்லை. புழு கடைசிக் கட்டத்துக்கு வந்த பின் ஒரே தவணையில் நூலாகக் கிடைக்கிறது, அதுவும் ஊட்டிய எறும்புக்குத் தனியாக இல்லாமல் ஊருக்கே பொதுவாக. ஆகவே முசுறு உறவையும், கதண்டு துளியையும் சற்று அதிகமாகச் சார்ந்திருக்கிறது என்று சொன்னால் தவறாகாது.

தட்டினால் துளி என்ற இந்த ஏற்பாட்டில் ஓட்டையும் உண்டு. அர்ஹோபாலா வகை நீலப் பட்டாம்பூச்சிகளின் புழுக்கள் முசுறு மரத்தில் இலை தின்று வாழ்கின்றன. முதுகில் ஒரு சுரப்பியிலிருந்து இனிப்புத் துளி கொடுத்துவிட்டு, எறும்புகளின் காவலில் பத்திரமாக மேய்கின்றன. அதாவது கொடுத்து வாங்குகின்றன. லிஃபைரா பிராசோலிஸ் என்ற பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அந்த மரியாதையும் கிடையாது. ஆமையோடு போன்ற கெட்டியான தோலோடு இலைக் கூட்டுக்குள் புகுந்து, முசுறுப் புழுக்களைத் தின்றே வளர்கிறது. எறும்புகள் கடித்துப் பார்க்கும், பல் இறங்காது.

மனிதனும் இந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். ஜப்பானில் தகாஷி ஆபே பெரிய ஆசியக் குளவியின் புழுத் துளியைப் பகுத்து, அதிலிருந்த 17 அமினோ அமிலங்களின் கலவையைச் செயற்கையாகச் செய்தார். 1990களிலிருந்து மெய்ஜி நிறுவனம் அதை விளையாட்டு வீரர்களுக்கான பானமாக விற்கிறது. ஒடிசாவின் மயூர்பஞ்சில் முசுறையும் அதன் புழுக்களையும் அரைத்துச் செய்யும் காய் சட்னிக்கு 2024 ஜனவரியில் புவிசார் குறியீடு கிடைத்தது. சீனத்தில் கி.பி. 304ஐச் சேர்ந்ததாகக் கருதப்படும் தாவர நூல் ஒன்று, ஆரஞ்சுத் தோப்புக்காரர்கள் சந்தையில் முசுறுக் கூடுகளை விலைக்கு வாங்கிப்போய் மரத்தில் கட்டியதைச் சொல்கிறது. பூச்சியைக் கொண்டு பூச்சியைக் கட்டுப்படுத்தியதற்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் அது ஒன்று.

கடலூர் மாவட்டத்துக்கு இந்தக் கடைசிச் செய்தி தொலைவானது அல்ல. பண்ருட்டியிலிருந்து விருத்தாசலம் வரை முந்திரிக் காடுகள். முந்திரியின் தளிரையும் பூவையும் இளங்கொட்டையையும் உறிஞ்சிக் கருக்குவது தேயிலைக் கொசு என்ற பூச்சி. ஆஸ்திரேலியாவின் வட பகுதியில் ரெங்காங் பெங்கும் கீத் கிறிஸ்டியனும் முசுறை முந்திரித் தோப்புகளில் குடியேற்றி, அங்குள்ள தேயிலைக் கொசு வகையைப் பூச்சிக்கொல்லிக்கு ஈடாகக் கட்டுப்படுத்திக் காட்டினார்கள். பிச்சாவரத்தில் நிற்கும் அதே சுரபுன்னை வகை தாய்லாந்திலும் உண்டு. அங்கே முசுறுள்ள மரங்களில் வண்டும் நண்டும் இலையைக் கடிப்பது குறைவு என்று ஆஃபன்பர்க் குழு 2004இல் கண்டது. இவ்வளவு வேட்டைக்கும் தூண்டுதல் கூட்டுக்குள் வாய் திறந்து காத்திருக்கும் புழுக்கள். புழு நிறைந்த குடும்பத்துக்குப் புரதம் அதிகம் வேண்டும், அதனால் வேட்டையும் அதிகம். ராணியில்லாத கூட்டை மட்டும் வெட்டிக்கொண்டு வந்து தோப்பில் கட்டினால், இருக்கும் புழுக்கள் வளர்ந்து முடிந்ததும் வேட்டை ஓய்ந்துவிடும்.

நடைமுறையில் தொல்லை இரண்டு. ஒன்று, வெவ்வேறு குடும்பத்து முசுறுகள் கிளை உரசும் இடத்தில் சந்தித்தால் கொசுவை விட்டுவிட்டுத் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும். அதற்குப் பெங் சொன்ன வழி, பகைக் குடும்பங்களுக்கு நடுவே உரசும் கிளைகளைக் கழித்துவிடுவதும், ஒரே குடும்பத்து மரங்களுக்கிடையே கயிறு கட்டிப் பாலம் போடுவதும். மற்றது, ஆட்களுக்குக் கடி. மாந்தோப்பில் இது பெரிய சிக்கல், கிளைக்குள் கைவிட்டுத்தான் காயைப் பறிக்க வேண்டும். முந்திரியில் பழுத்து உதிர்ந்த பழத்தைக் கீழே பொறுக்கித்தான் பெரும்பாலும் கொட்டையைத் திருகி எடுக்கிறார்கள். முசுறு மேலே இருக்க, வேலை கீழே நடக்கும்.

கதண்டுக்கு இப்படி ஓர் உடன்பாடு கிடையாது. பள்ளிக்கூடத்துப் பக்கத்துப் பனையில் கூடு கட்டினால் அகற்றத்தான் வேண்டும், அகற்றுவது பயிற்சி பெற்றவர்கள் வேலை. ஆள் நடமாட்டமில்லாத கரைப் பனையில் இருப்பதைக் கொளுத்த அவசரம் எதுவும் இல்லை.